என் சார்பில் விடப்பட்ட மூச்சு

ஜூலை 1, திங்கள்

இன்று காலை 9.40 மணிக்கு, கூடத்தில் கிடந்த நீல நிறப் பிளாஸ்டிக் நாற்காலியைக் கிழக்குப் பக்கத்து அறைக்கு மாற்றுவது என்று இவ்வீட்டில் ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. இதற்கு இணையான முடிவு என்று பார்த்தால், 2003-ஆம் ஆண்டு தொலைக்காட்சிப் பெட்டியைத் தெற்குச் சுவரிலிருந்து வடக்குச் சுவருக்குக் கொண்டுபோனதைத்தான் சொல்ல வேண்டும். என் மனைவி தனபாக்கியம் அப்போது அடுக்களையில் இருந்தாள். அவள் ஒன்றும் சொல்லாததை ஆதரவாகப் பதிவு செய்துகொண்டேன்.

நான் நகராட்சி அலுவலகத்தின் மன்றப் பிரிவில் முப்பத்து நான்கு ஆண்டுகள் கூட்டக் குறிப்பு எழுதியவன். ஏப்ரல் 30 அன்று ஓய்வு பெற்றேன். இந்த நாட்குறிப்பு மதுரையில் உள்ள கிளினிக் எழுதச் சொன்னது. என்ன உணர்ந்தீர்கள் என்று தினமும் எழுதுங்கள் சார் என்றார்கள். உணர்ந்ததை எழுதிப் பழக்கமில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

நாளை முதல் இருபத்தெட்டு நாட்கள், காலையும் மாலையும் பதினேழு பதினேழு நிமிடம், மேற்படி நாற்காலியில் அமர்ந்து நான் மூச்சு விட வேண்டும். அறுபது வருடமாக இதை மேற்பார்வை இல்லாமல் செய்துவந்திருக்கிறேன்.

ஜூலை 2, செவ்வாய்

கருவி ஒரு சோப்புப் பெட்டி அளவு. அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வந்து மூக்கில் முடிகிறது. வெளியே விடும் மூச்சில் கரியமில வாயு எவ்வளவு என்று அது அளந்து, கூடவே கொடுத்திருக்கும் டேப்லெட்டின் திரையில் எண்ணாகக் காட்டும். ஒரு ஒலி மேலே ஏறும்போது இழுக்க வேண்டும், கீழே இறங்கும்போது விட வேண்டும். நாற்பதுக்குப் பக்கத்தில் எண் நின்றால் நல்லது. நமக்கு 31.

பயிற்றுநர் பெனிட்டா என்ற பெண். இருபத்தாறு வயது இருக்கும். போனில் விளக்கினாள்: "சார், காத்து பத்தலைன்னு உங்களுக்குத் தோணுது. ஆனா நீங்க அளவுக்கு மேல மூச்சு விடுறீங்க. அதனாலதான் தலை சுத்துது, விரல் மரத்துப் போகுது. கம்மியா விடுங்க. மெதுவா விடுங்க."

மே மாதம் முதல் என்னைப் பார்த்தவர்கள் அனைவரும், நன்றாக இழுத்து இழுத்து மூச்சு விடச் சொன்னார்கள். நானும் கடமையாகச் செய்தேன். அதுதான் குற்றம் என்று இப்போது தெரிகிறது. ஊரே சேர்ந்து என்னை அதிகமாக மூச்சு விட வைத்திருக்கிறது.

ஒன்பதாவது நிமிடம், வாசல் கேட்டைப் பூட்டினேனா என்று பார்க்க எழ வேண்டியிருந்தது. பூட்டித்தான் இருந்தது.

ஜூலை 3, புதன்

காலை 30. மாலை 31. நாற்காலியின் பின்கால் ஒன்று குட்டை.

ஜூலை 4, வியாழன்

நாற்காலி மீண்டும் கூடத்துக்கு மாற்றப்பட்டது. கிழக்கு அறைச் சன்னலில் காகம் கத்துகிறது.

மாலையில் பாக்கியத்தின் தம்பி முருகபூபதி வந்தான். பழனி சாலையில் டூவீலர் உதிரி பாகங்கள் விற்கிறான். மருத்துவமும் பார்ப்பான், கேட்காமலே. இ.சி.ஜி., எக்கோ, டிரெட்மில் எல்லாம் எடுத்து இதயத்தில் ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்ததையும், மனநல மருத்துவர் இதன் பெயர் பேனிக், அதாவது திடீர்ப் பீதி என்று சொன்னதையும் அவனிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டான்.

"மச்சான், இது கேஸுதான்," என்றான். "ஓமத்தண்ணி குடிங்க."

மூக்கில் குழாயோடு இருப்பவனிடம் ஓமத்தண்ணி குடிக்கச் சொல்ல ஒரு தெளிவு வேண்டும். அது அவனுக்கு எப்போதும் உண்டு.

ஜூலை 5, வெள்ளி

மே 12 அன்று நடந்ததைப் பதிவு செய்யச் சொல்லி பெனிட்டா கேட்டிருக்கிறாள். பதிவு செய்கிறேன்.

எங்கள் ஒரே மகள் இந்துமதி ஐதராபாத்தில் இருக்கிறாள். அப்போது அவளுக்கு ஆறாம் மாதக் கர்ப்பம். அவளைப் பார்த்துவர நானும் பாக்கியமும் திண்டுக்கல்லில் காலை ரயில் ஏறினோம். ரயில் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் பெட்டியின் கூரை தாழ்வாக இருப்பதைக் கவனித்தேன். நெஞ்சு அடித்துக்கொண்டது. இரண்டு கையும் மரத்துப்போயின. இன்னும் பத்து நிமிடத்தில் நான் இறந்துவிடுவேன் என்பது அலுவலகச் சுற்றறிக்கை போலத் தெளிவாகத் தெரிந்தது. மணப்பாறையில் வண்டி நின்றது. முறுக்கு வாங்க இறங்கினேன். பாக்கியமும் இரண்டு பெட்டிகளோடு முறுக்கு வாங்க இறங்கினாள். வண்டி போய்விட்டது. பேருந்தில் ஊர் திரும்பினோம். முன் கதவை ஒட்டிய இருக்கை.

முறுக்கு வாங்கவில்லை.

ஜூலை 7, ஞாயிறு

இந்துமதி போன் செய்தாள். நஞ்சுக்கொடி கீழே இறங்கி இருக்கிறது, ரயிலோ காரோ எதிலும் ஏறக் கூடாது என்று டாக்டர் உறுதியாகச் சொல்லிவிட்டாராம். ஆக, தாய் வீட்டுக்கு வந்து பிள்ளை பெறுகிற வழக்கம் ரத்து. பிரசவத் தேதி ஆகஸ்ட் 18. மாப்பிள்ளை கம்பெனி வேலையாக ஜெர்மனியில். ஆகஸ்ட் கடைசிக்கு முன் வர முடியாது. அவன் அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து அவளையே இருவர் தூக்குகிறார்கள். ஆகவே பாக்கியம் போக வேண்டும். வேறு ஆள் இல்லை.

ஆகஸ்ட் 4 ரயிலுக்கு இரண்டு டிக்கெட் எடுத்தேன். பாக்கியத்தைத் தனியாக அனுப்ப முடியாது. அவளுக்கு வீட்டை விட்டு இறங்கப் பிடிக்காது. இதை நான் முப்பத்தொரு வருடமாக எல்லோருக்கும் சொல்லிவருகிறேன். கல்யாண மண்டபத்தில் வாசல் ஓரத்து நாற்காலிதான். காற்று வரும் என்பாள். லிப்ட் இருந்தாலும் படியில்தான் ஏறுவாள், மூட்டுக்கு நல்லதாம். பேருந்தில் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கைக்குள் வைத்து அழுத்திக்கொண்டே வருவாள். குளியலறைக்குள் போனால் தாழ்ப்பாள் போடுவதில்லை. எளிய பெண். இந்து இருப்பதோ பதினேழாம் மாடி.

எனவே நான் குணமாகி, அவளை அழைத்துப்போய்ச் சேர்க்க வேண்டும். இருபத்தெட்டு நாள். தாராளம்.

ஜூலை 8, திங்கள்

காலை: ஏழாம் நிமிடம் எழுந்தேன். தண்ணீர் மோட்டார். மாலை: பதினோராம் நிமிடம். யாரோ கூப்பிட்டது போல இருந்தது. யாரும் இல்லை.

ஜூலை 9, செவ்வாய்

கருவிக்கு ஒரு கெட்ட குணம் இருப்பது தெரிய வந்தது. ஒவ்வொரு அமர்வையும் அது உடனுக்குடன் மதுரைக்கு அனுப்பிவிடுகிறது. பதினேழு நிமிடம் முடியாதவை சிவப்பு. எனக்கு ஐந்து சிவப்பு. இதே நிலை நீடித்தால், கருவியைத் திரும்பப் பெற்று வரிசையில் அடுத்து இருப்பவருக்குக் கொடுப்பார்கள் என்று பெனிட்டா மிகவும் மரியாதையாகச் சொன்னாள்.

பிற்பகல் முழுவதும் யோசித்தேன். மன்றப் பிரிவில் எங்கள் ஆணையர் ஒரு கடிதத்திலும் கையெழுத்துப் போட்டதில்லை. "ஆணையருக்காக" என்று தட்டச்சு செய்து, அதன் மேல் நான் போடுவேன். அந்தக் கடிதங்களை வைத்துச் சாக்கடைகள் கட்டப்பட்டன; அவற்றில் தண்ணீரும் ஓடியது. இனி வீட்டு நடைமுறை. எனக்குப் பதவி உயர்வு வேண்டி வெள்ளிக்கிழமை விரதம் இருந்தவள் பாக்கியம். என் முழங்காலுக்காக சஷ்டி இருந்தவள் பாக்கியம். குடல்வால் அறுவைக்கு உட்பட்டவன் நான். பழனியில் மொட்டை போட்டுக்கொண்டவள் பாக்கியம். தழும்பு ஆறியது எனக்கு.

அவளைக் கூப்பிட்டு, மாலை அமர்வில் என் சார்பில் குழாயை மாட்டிக்கொண்டு உட்காரும்படி சொன்னேன். வருகைப் பதிவுக்காகத்தான்.

"நான் எதுக்குங்க?" என்றாள்.

சும்மா மூச்சு விட வேண்டியதுதான், தெரியாத வேலை இல்லை என்றேன். சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். பதினேழு நிமிடமும் உட்கார்ந்தாள். எழுந்தபோது ஜாக்கெட் நனைந்திருந்தது.

எண் 26.

ஜூலை 10, புதன்

கருவியில் கோளாறு. ஒருவேளை மூக்குக் குழாய் பெண்களுக்குப் பொருந்தாமல் இருக்கலாம். இன்றும் அவளுக்கு 26.

ஜூலை 11, வியாழன்

பெனிட்டாவின் வாராந்திர அழைப்பு. இரண்டு நாளாக மாலை எண் ரொம்பக் கீழே போகிறதே, சிரமமாக இருந்ததா என்று கேட்டாள். மிக்ஸி சத்தம் என்றேன். மூச்சு முட்டுகிற மாதிரி தோன்றும்போது எழுந்துவிடாமல், ஒரு இழுப்பைச் சின்னதாக்கி, விடுவதை நீளமாக்கச் சொன்னாள். அந்தத் தவிப்பு உச்சிக்கு ஏறித் தானாகவே இறங்கும், ஆளைக் கொல்லாது என்றாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது. பாக்கியம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"கொல்லாதான்னு திருப்பிக் கேளுங்க," என்றாள் மெதுவாக.

கேட்டேன். கொல்லாது என்றாள் பெனிட்டா.

ஜூலை 13, சனி

மாலை 28. காலை அமர்வுக்கு நான் உட்கார்ந்து, நான்காம் நிமிடம் செய்தித்தாள்காரனிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருந்ததால், மீதியைப் பாக்கியம் முடித்தாள்.

ஜூலை 15, திங்கள்

நிர்வாக வசதியை முன்னிட்டுக் காலை அமர்வும் பாக்கியத்திடம் ஒப்படைக்கப்பட்டது. நான் நாற்காலிக்கு எதிரே நின்று கண்காணிக்கிறேன். சிறிது நேரம் நின்றதும் கால் நிற்பதில்லை. தெரு முனை வரை போய்வருகிறேன். இன்று நான்கு முறை போய்வந்தேன்.

காலை 30, மாலை 31. ஆக, நான் தொடங்கிய இடத்துக்கு வந்துவிட்டேன்.

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்துவிட்டது. மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கி எங்கள் மாடிச் சுவரை நோக்கித் திருப்பி வைக்கப்பட்டுள்ளது. காலை ஐந்தரைக்குப் பாட்டு தொடங்கியதும் நான் கொல்லைக்கும் வாசலுக்கும் நடந்தேன். உள்ளே எட்டிப் பார்த்தால், பாக்கியம் கண்ணை மூடி நாற்காலியில் இருக்கிறாள். ஒலி ஏறுகிறது, இறங்குகிறது; வெளியே உடுக்கை. அவள் தோள் அசையவில்லை.

34.

ஜூலை 18, வியாழன்

பெனிட்டா என்னைப் பாராட்டினாள். இவ்வளவு சீக்கிரம் முன்னேறுபவர்கள் குறைவாம். ரகசியம் என்ன என்று கேட்டாள். ஒழுங்கு என்றேன்.

போனை வைத்தபின், நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று ஒரு முறை ஆழமாக மூச்சு விட்டுப் பார்த்தேன். தலை சுற்றியது.

ஜூலை 20, சனி

நாகல் நகர் சந்தைக்குப் பாக்கியம் தனியாகப் போய் வந்தாள். சனிக்கிழமைக் கூட்டம். வழக்கமாக நான் பட்டியலோடு போவேன். நான் தேடியபோது சட்டைப்பையில் பட்டியல் இல்லை, அடுக்களையில் அவளும் இல்லை. அரை மணி நேரம் வாசலில் நின்றேன். சுரைக்காயோடு வந்தாள். பட்டியலில் சுரைக்காய் இல்லை.

ஜூலை 21, ஞாயிறு

காலை ஏழு மணிக்கு வீட்டுக்குள் கிறீச்சென்று ஒரு சத்தம். திருடன் என்று நினைத்து எழுந்துவிட்டேன். பாக்கியம் குளியலறைக்குள் தாழ்ப்பாள் போட்டிருக்கிறாள். முப்பது வருடத் துரு. தேங்காய் எண்ணெய் விட்டேன்.

ஜூலை 23, செவ்வாய்

முருகபூபதியின் மனைவியோடு ஜவுளிக் கடைக்குப் போனாள். நான்காம் தளம் வரை லிப்டில் போனதாகவும், பிறகு இறங்கியதாகவும், மறுபடி ஏறி இறங்கியதாகவும் கூறினாள். என்ன வாங்கினாய் என்று கேட்டேன். ஒன்றும் வாங்கவில்லையாம்.

மாலை 38. ரயிலுக்கு இன்னும் பன்னிரண்டு நாள். என் முன்னேற்றம் திருப்தியளிக்கிறது.

ஜூலை 24, புதன்

மாலை 40.

இன்று மதியம் வங்கியில், டோக்கன் எண் கூப்பிடுவதற்கு முன் வெளியே வந்துவிட்டேன். ஏ.சி. அதிகம்.

ஜூலை 25, வியாழன்

நான்காம் வாரத்தில் ஒரு அமர்வை வீடியோ அழைப்பில் பயிற்றுநர் பார்ப்பார் என்பது விதிமுறைப் புத்தகத்தின் பதினொன்றாம் பக்கத்தில் இருக்கிறது. நான் பத்தாம் பக்கம் வரை படித்திருந்தேன்.

போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, குழாயை மாட்டி உட்கார்ந்தேன். பதினோரு நாட்களுக்குப் பிறகு நாற்காலியில். ஒலி ஏறியது. நான் அதற்கு முன்பே ஏறியிருந்தேன். ஆறாம் நிமிடம் குழாயைக் கழற்றிவிட்டு, மின்சாரம் போய்விட்டது என்றேன். என் தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது திரையில் அவளுக்கும் தெரிந்திருக்கும்.

எண் 29.

பெனிட்டா என் பழைய எண்களைப் புரட்டிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "சார், நேத்து சாயந்திரம் இதை யாரு மாட்டியிருந்தாங்க?"

நான் விளக்கம் அளித்தேன். மூன்று நிமிடம் பேசினேன். பருவநிலை, வயது, கருவியின் துல்லியம் என்று மூன்று தலைப்புகளில் பிரித்துப் பேசியதாக நினைவு. முடிப்பதற்குள் பாக்கியம் கதவருகே வந்து நின்று, "நான்தாம்மா," என்றாள்.

போனை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். நாற்பது நிமிடம். நான் கூடத்தில் உட்கார்ந்தேன், எழுந்தேன், காலண்டரைக் கிழித்தேன். ஏற்கனவே கிழித்திருந்ததால் நாளைக்கு வந்துவிட்டது. அடுக்களையிலிருந்து அவள் குரல் மட்டும் வந்தது. "ஆமாம்மா… இல்ல, யார்ட்டயும் சொன்னதில்ல… கை ரெண்டும் மரத்துப் போயிரும்… இருபத்திரண்டு வயசுல… செத்துருவேன்னு தோணும்மா, ஆனா சாகல, பாத்துக்க."

கடைசியில் அவள் சிரித்ததும் கேட்டது.

மின்விசிறி சத்தம் போடுகிறது. ஆள் வரச் சொல்ல வேண்டும்.

ஜூலை 26, வெள்ளி

காலையில் தோசை வார்த்தபடியே சொன்னாள். எழுதிக்கொள்கிறேன்.

கல்யாணமான மூன்றாம் மாதம் என் பெரியப்பா பேரனின் காதுகுத்து. பந்திக்கு முண்டியடிக்கும் கூட்டம். ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் அடுத்து உட்காரப்போகிறவர் நிற்பார். நடுவில் மாட்டிக்கொண்டாள். சோறு இலையில் இருக்கிறது, நெஞ்சு அடிக்கிறது, எழுந்து போக வழியில்லை. வீட்டுக்கு வந்ததும் கண் பட்டிருக்கிறது என்று என் அம்மா மிளகாய் சுற்றிப் போட்டாள். அடுத்த முறை பேருந்தில். மிளகாய். அதற்கடுத்த முறை சினிமாக் கொட்டகையில். அதன் பிறகு அவள் சொல்வதை நிறுத்திவிட்டாள். எங்கெல்லாம் வருமோ அங்கெல்லாம் போவதையும் நிறுத்திவிட்டாள். கடைசியில் வீடு மட்டும் மிஞ்சியது.

என்னிடமாவது சொல்லியிருக்கலாமே என்றேன். உனக்கு வீட்டை விட்டு இறங்கப் பிடிக்காது என்றுதானே நான் நினைத்திருந்தேன் என்றேன்.

தோசையைத் திருப்பிப் போட்டாள். "பிடிக்காதுன்னு நான் என்னைக்குங்க சொன்னேன்? நீங்கதான் எல்லார்ட்டயும் சொன்னீங்க. கேக்க நல்லா இருந்துச்சு. நானும் அதையே வச்சுக்கிட்டேன்."

பிறகு, என் தட்டில் தோசையை வைத்துவிட்டு: "மணப்பாறையில நீங்க எறங்கினப்ப எனக்கு அப்பாடான்னு இருந்துச்சுங்க. நீங்க எறங்கலேன்னா திருச்சியில நான் எறங்கியிருப்பேன்."

தோசை நன்றாக இருந்தது. இரண்டோடு நிறுத்திக்கொண்டேன்.

ஜூலை 27, சனி

கிளினிக் மருத்துவர் வீடியோவில் பாக்கியத்திடம் அரை மணி நேரம் பேசினார். ஜூலை 9 மாலை முதல் அவள் உட்கார்ந்த பதிவுகள் அனைத்தும் "தனபாக்கியம், வயது 53" என்ற புதிய கோப்புக்கு மாற்றப்பட்டன. என் கோப்பில் மிச்சம் இருப்பது முதல் ஏழரை நாளும் சில காலைகளும். அதில் பாதி சிவப்பு. நான் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கருவி 30-ஆம் தேதி வேறொருவருக்குப் போகிறது. எனக்கு அடுத்த முறை செப்டம்பர் 10.

பெனிட்டா என்னைத் திட்டவில்லை. அதற்கும் தயாராக ஒரு பதில் வைத்திருந்தேன்.

ஜூலை 28, ஞாயிறு

மீதமுள்ள இரண்டு நாட்களில் முழுப் பயிற்சியையும் முடித்துவிடுவது என்று முடிவு செய்து, இன்று ஆறு முறை உட்கார்ந்தேன். 30, 29, 30, 28, 28. ஆறாவது முறை பாக்கியம் எதிரே ஒரு மோடாவைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "மெதுவா… சின்னதா இழுங்க… போட்டி இல்லைங்க இது," என்றாள். மூச்சு விடுவது எப்படி என்று எனக்கு என் வீட்டிலேயே சொல்லித்தருகிறார்கள். அந்த முறை மட்டும் 32. பதினேழு நிமிடம் முடிந்தது.

இதைப் பதிவு செய்திருக்க வேண்டியதில்லை. செய்துவிட்டேன்.

ஜூலை 30, செவ்வாய்

கருவி கூரியரில் அனுப்பப்பட்டது. நாற்காலி கூடத்தில் சும்மா இருக்கிறது.

ஜூலை 31, புதன்

சோதனை ஓட்டம். பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருந்த ஒரு நத்தம் பேருந்தில் ஏறி, நடு இருக்கையில் உட்கார்ந்தேன். ஆட்கள் ஏறினார்கள். என் பக்கத்தில் ஒருவர் கோழிக்கூடையோடு உட்கார்ந்து வழியை அடைத்தார். நான்கு நிமிடம் தாங்கினேன். இறங்கும்போது கண்டக்டர் எங்கே போகணும் என்று கேட்டார். சும்மா பார்க்க வந்தேன் என்றேன்.

ஆகஸ்ட் 1, வியாழன்

இந்துமதி பேசினாள். கால் வீங்கியிருக்கிறதாம். டாக்டர் தேதியை முன்னால் தள்ளலாம் என்கிறாராம். சுற்றி வளைக்காமல் கேட்டாள்: "அம்மா, நெசத்தைச் சொல்லிரு. வருவியா? மே மாசம் மாதிரி ஆச்சுன்னா என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக இங்க வாட்ச்மேன்தான் இருக்காரு."

"வர்றேன்டி," என்றாள் பாக்கியம். வருகிறோம் என்று அவள் சொல்லவில்லை என்பதைக் கவனித்தேன்.

இரவு உணவுக்கு முன் மூன்று மாற்றுத் திட்டங்களை அவள் முன் வைத்தேன். ஒன்று: பயணத்தை ஒரு வாரம் ஒத்திவைப்பது. இரண்டு: முருகபூபதியை உடன் அனுப்புவது. மூன்று: ஐதராபாத்தில் ஒரு ஆயாவை நியமித்து, தினமும் வீடியோவில் மேற்பார்வை செய்வது.

"ஒத்திவச்சா குழந்தையும் ஒத்திவச்சுக்கிடுமா?" என்று கேட்டாள். மற்ற இரண்டு திட்டங்கள் விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளப்படவில்லை.

நீ தனியாக வண்டியில் போகும்போது அது வந்துவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். எனக்கு அந்தக் கேள்வி முக்கியமாகப் பட்டது.

"வரும்," என்றாள். "வந்துட்டுப் போகும்."

ஆகஸ்ட் 2, வெள்ளி

நானும் போகிறேன். முடிவு செய்துவிட்டேன்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. பாக்கியம் பிரசவ மருந்துச் சாமான்கள், பழைய வேட்டித் துணி, பெருங்காயம், நாலு கிலோ இட்லி அரிசி கட்டினாள். நான் என் பையைக் கட்டினேன், அவிழ்த்தேன், கட்டினேன். முருகபூபதி ஒரு பாட்டில் ஓமத்தண்ணி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, என்னைத் தனியாக அழைத்து, தனக்கும் சில சமயம் கடையில் ஷட்டர் இறங்கும்போது நெஞ்சு படபடக்கும் என்றான். கேஸ்தான் என்றேன். தலையை ஆட்டினான்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

வண்டி மூன்றாம் நடைமேடைக்கு ஐந்து நிமிடம் தாமதமாக வந்தது. எஸ்-5. அவளுக்குக் கீழ்ப் படுக்கை, எனக்கு நடுப் படுக்கை. சாமான்களை இருக்கைக்கு அடியில் தள்ளினேன். எதிரே ஒரு குடும்பம். பக்கவாட்டில் இரண்டு கல்லூரி மாணவர்கள். சன்னல் பக்கம் அவள், நடுவில் நான், என் வலது பக்கம் ஒரு பெரியவர். நடைபாதையில் ஆட்கள் பெட்டிகளோடு நின்றார்கள்.

கூரை மே மாதத்தில் இருந்த உயரத்தில்தான் இருந்தது. சின்னதாக இழுத்தேன். நீளமாக விட முயன்றேன். பாக்கியம் என் பக்கம் பார்க்காமல், மடியில் விரல்களால் ஏறும் ஒலியையும் இறங்கும் ஒலியையும் தட்டினாள். அதைப் பார்த்து மூச்சு விட்டேன். மூன்று முறை சரியாக வந்தது. நான்காவது முறை, வண்டி கிளம்பப்போகிறது என்று ஒலிபெருக்கி சொன்னது.

தண்ணீர் பாட்டில் வாங்கி வருகிறேன் என்று எழுந்தேன்.

அவள் இருக்கைக்கு அடியில் இருந்த நான்கு தண்ணீர் பாட்டில்களையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். நான் பெரியவரைத் தாண்டி, பெட்டிகளைத் தாண்டி, நடைமேடையில் நின்றேன். நின்றதும் காற்று வந்தது. திரும்பிக் கதவைப் பார்த்தேன். மே மாதம் அவள் எனக்குப் பின்னால் இறங்கிய கதவு போன்ற கதவு. மாணவர்களில் ஒருவன் படியில் நின்றான். வேறு யாரும் வரவில்லை.

சன்னலுக்குப் போனேன். அவள் முகம் வெளுத்திருந்தது, மேலுதட்டில் வேர்வை. வாய் மூடியிருந்தது. மூக்கால் மெதுவாக விட்டுக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் அவளோடு பேசக் கூடாது என்று எனக்குத் தெரிந்தது. இருபத்தெட்டு நாளில் நான் கற்றுக்கொண்டது அது ஒன்று.

சற்றுப் பொறுத்து, கைப்பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்துக் கம்பி வழியாக நீட்டினாள்.

"பால் பிரிட்ஜ்ல இருக்கு. சாயந்திரம் காய்ச்சிருங்க."

இறங்கு என்று நான் சொல்லவில்லை. சொல்ல வாய் திறந்தது உண்மை. "போன் பண்ணு," என்று வந்தது.

"நீங்க எடுங்க," என்றாள்.

வண்டி நகர்ந்தது. நான் சன்னலோடு கொஞ்சம் நடந்தேன். பிறகு நடை போதவில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

காலை 11.20-க்கு ரயில் போய்ச் சேர்ந்தது. 12.50-க்கு இந்துவின் போனிலிருந்து ஒரு படம்: பாக்கியம் நாற்காலியில் உட்கார்ந்து காபி குடிக்கிறாள், பின்னால் சன்னலில் வெறும் வானம். அவ்வளவு உயரம். லிப்டில் வந்தாளா என்று கேட்டு எழுதினேன். ஆமாம் என்று வந்தது. வழியில் அது வந்ததா என்று கேட்டேன். ரெண்டு தடவை என்று வந்தது.

இந்துவை நாளை மருத்துவமனையில் சேர்க்கிறார்கள்.

என் நடுப் படுக்கையை டிக்கெட் பரிசோதகர் திருச்சியில், படுக்கை இல்லாமல் ஆர்.ஏ.சி.யில் இருந்த ஒருவருக்கு ஒதுக்கிவிட்டாராம்.